குடல் புற்றுநோய்: காவல்காரச் செல்கள் கட்சி மாறினால்..?

ஒரே வயது, ஒரே ஸ்டேஜ், ஒரே மாதிரி ஆபரேஷன். ஒருவருக்குப் பெருங்குடல் புற்றுநோய் அத்தோடு ஒழிந்துவிடுகிறது. இன்னொருவருக்கு இரண்டே வருடத்தில் கல்லீரலில் வந்து நிற்கிறது. ஏன் இந்த வித்தியாசம்?

கட்டி எவ்வளவு ஆழம் போயிருக்கிறது, எங்கெல்லாம் பரவியிருக்கிறது என்றுதான் டாக்டர்கள் காலங்காலமாகப் பார்த்துவந்தார்கள். பாரிஸைச் சேர்ந்த ஜெரோம் கலோன், ஃபிராங்க் பாஜெஸ் குழுவினர் வேறொன்றையும் பார்த்தார்கள்: கட்டிக்குள் நம் உடம்பின் எதிர்ப்பு செல்கள் எத்தனை இருக்கின்றன?

2005-ல், அகற்றப்பட்ட 959 கட்டிகளை ஆராய்ந்தார்கள். பரவத் தொடங்கிய அறிகுறி இல்லாத கட்டிகளில் 'டி செல்'கள் அதிகம் இருந்தன. புற்றுநோய் செல்லை அடையாளம் கண்டு அழிக்கும் சிப்பாய்கள் இவை. கட்டியின் நடுவிலும் ஓரத்திலும் இவற்றை எண்ணி மதிப்பெண் போடும் முறைக்கு 'இம்யூனோஸ்கோர்' என்று பெயர். 13 நாடுகளில் 2,681 நோயாளிகளிடம் இதைச் சோதித்த முடிவு 2018-ல் வெளியானது. மதிப்பெண் அதிகமுள்ளவர்களுக்கு நோய் திரும்பும் ஆபத்து குறைவாகவே இருந்தது.

ஆனால், எல்லாக் காவல்காரர்களும் நம் பக்கமே நிற்பதில்லை. 'மேக்ரோஃபேஜ்' என்ற செல்கள் கிருமிகளை விழுங்கும். காயம் ஆற புது ரத்தக்குழாய்கள் வளரவும் உதவும். கட்டி ரசாயன சிக்னல் அனுப்பி, இந்த இரண்டாவது வேலையைத் தனக்குச் செய்யவைக்கிறது. புது ரத்தக்குழாய் கட்டிக்குச் சாப்பாடும் தரும், தப்பிக்க வழியும் தரும். குடலின் ரத்தம் நேராகக் கல்லீரலுக்குப் போவதால், ரத்தத்தில் நழுவிய செல்கள் பெரும்பாலும் முதலில் இறங்குவது அங்கேதான். கட்சி மாறிய மேக்ரோஃபேஜ்கள் டி செல்களையும் அடக்கிவைக்கின்றன.

டி செல்களுக்கு இயற்கையாகவே 'பிரேக்' உண்டு. அதைப் புற்றுநோய் அழுத்திப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பிரேக்கை விடுவிக்க வழிகாட்டிய ஜேம்ஸ் ஆலிசனுக்கும் தசுகு ஹோஞ்சோவுக்கும் 2018-ல் மருத்துவ நோபல் கிடைத்தது. இப்படிப்பட்ட மருந்தான 'பெம்ப்ரோலிசுமாப்', பரவிய குடல் புற்றுநோயில் ஒரு வகைக்கு முதல் சிகிச்சையாகவே 2020-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

எல்லோருக்கும் இது பலிக்காது. டி.என்.ஏ. பிழைகளைத் திருத்தும் அமைப்பு பழுதான கட்டிகளில்தான் நன்றாக வேலை செய்கிறது. குடல் புற்றுநோய்களில் சுமார் 15 சதவிகிதம் இந்த வகை. பரவிய நிலையில் இன்னும் குறைவு. பயாப்ஸி திசுவிலேயே 'எம்.எஸ்.ஐ.' சோதனை செய்து கண்டுபிடித்துவிடலாம். வீட்டில் யாருக்காவது இந்த நோய் இருந்தால், 'எம்.எஸ்.ஐ. டெஸ்ட் பார்த்தாச்சா டாக்டர்?' என்று கேட்கத் தயங்காதீர்கள்.

இதைப் படித்துவிட்டு இம்யூனிட்டி பவுடர் வாங்க ஓட வேண்டாம். எந்த செல், எங்கே நிற்கிறது என்பதுதான் இங்கே விஷயம். பவுடர் அதைத் தீர்மானிக்காது.

மலத்தில் ரத்தம், வாரக்கணக்கில் மாறிப்போன மலப் பழக்கம், காரணம் தெரியாத ரத்தசோகை... இவற்றை 'மூலமாக இருக்கும்' என்று தள்ளிப்போடாதீர்கள். சிப்பாய்கள் ஜெயிக்க நல்ல நேரம், எதிரி வீட்டை விட்டு வெளியே கிளம்பும் முன்புதான்!