கழற்றிய கையோடு மாற்றலாமா?

ஞாயிற்றுக்கிழமை காலை. முன் சக்கர பிரேக் பேட் தேய்ந்துவிட்டது. அதை மாற்ற வேண்டும். வேலை அவ்வளவுதான். ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றியாகிவிட்டது. பேடைப் பார்க்கக் குனிந்தால், அதற்குப் பின்னால் டிரைவ் ஷாஃப்டின் ரப்பர் பூட்டில் ஒரு கிழிசல். சுற்றிலும் கறுப்பாக கிரீஸ் தெறித்திருக்கிறது. டிஸ்க்கின் ஓரத்தை விரலால் தடவினால் மேடு தட்டுகிறது. பிரேக் ஹோஸின் மேல்தோலில் மயிரிழை வெடிப்புகள். ஒரு வேலைக்கு உட்கார்ந்த இடத்தில் நான்கு வேலை முளைத்துவிட்டது.

வீட்டு வாசலில் சொந்தக் காருக்கு ஸ்பானர் பிடிக்கும் எல்லோரும் என்றாவது ஒரு நாள் இந்த இடத்தில் வந்து நிற்பார்கள். ஒர்க்‌ஷாப்பில் இதற்கு இரண்டு பதில்கள் உண்டு. ஒரு மெக்கானிக், "கழட்டுன கையோட அதையும் மாத்திடுங்க சார், திரும்ப யாரு கழட்டுறது?" என்பார். இன்னொருவர், "நல்லா ஓடுறதுல எதுக்கு சார் கை வைக்கிறீங்க?" என்பார். இரண்டும் அனுபவத்தில் விளைந்த பேச்சு, இரண்டும் உண்மை. எந்தப் பொருளுக்கு எந்தப் பேச்சு பொருந்தும் என்று பிரித்துப் பார்ப்பதில்தான் வித்தை இருக்கிறது. அதற்கு மூன்று கேள்விகள் போதும். இந்தப் பொருளை எட்டுவதற்கு எவ்வளவு கழற்ற வேண்டும்? இது எப்படித் தேய்கிறது? இது போனால் கூடவே எது போகும்?

எட்டுவதற்கு எவ்வளவு கழற்ற வேண்டும்?

முதல் கேள்விக்குக் கிளச்சைவிட நல்ல உதாரணம் இல்லை. என்ஜினோடு சேர்ந்து எப்போதும் சுற்றுவது ஃப்ளைவீல். அதன் முகத்தில் போல்ட் போட்டு இறுக்கியிருப்பது பிரஷர் பிளேட். இந்த இரண்டுக்கும் நடுவில் அமுக்கிப் பிடிக்கப்பட்டிருப்பது கிளச் பிளேட். என்ஜினின் சுழற்சியை கியர்பாக்ஸுக்குக் கொண்டுபோவது அதுதான். பெடலை மிதிக்கும்போது ரிலீஸ் பேரிங் முன்னே நகர்ந்து பிரஷர் பிளேட்டின் ஸ்பிரிங் விரல்களை அழுத்தும், பிடி தளரும், கிளச் பிளேட் விடுபடும்.

வழக்கமாக முதலில் தேய்வது கிளச் பிளேட்டின் லைனிங். அது தேய்ந்து ரிவெட்டின் தலை வெளியே வரும் அளவுக்குப் போனால், ரிவெட் ஃப்ளைவீலையே உரசிக் கோடு போட்டுவிடும். பிளேட்டை மாற்ற வேண்டுமானால் கியர்பாக்ஸை இறக்க வேண்டும். முன்சக்கர இழுவைக் காரில் அதற்கு முன்பு டிரைவ் ஷாஃப்டுகளை உருவ வேண்டும், கேபிள்களைப் பிரிக்க வேண்டும், என்ஜினுக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். வீட்டில் செய்பவருக்கு முழு நாள் வேலை. முதல் முறை என்றால் இரண்டு நாள்கூட ஆகும்.

ஆகவே பிளேட்டோடு பிரஷர் பிளேட்டையும் ரிலீஸ் பேரிங்கையும் சேர்த்து மாற்றுவது வழக்கம். கடையில் "கிளச் செட்" என்று மூன்றையும் ஒரே பெட்டியில் தருவதற்குக் காரணம் இதுதான். ரிலீஸ் பேரிங்கைத் தனியாக வாங்கினால் செட் விலையில் அது ஒரு சிறு பங்கு. ஆறு மாதம் கழித்து அது இரைய ஆரம்பித்தால், அதற்காக மறுபடியும் கியர்பாக்ஸை இறக்க வேண்டும். பொருளின் விலை சிறிது, அதை எட்டும் பாடு பெரிது என்றால், பழையது இன்னும் கொஞ்ச நாள் உழைக்கும் நிலையில் இருந்தாலும் மாற்றிவிடுவதே லாபம்.

அதே இடத்தில் இன்னொரு பொருள் இருக்கிறது. ஃப்ளைவீலுக்குப் பின்னால், கிராங்க் ஷாஃப்டின் முனையில் இருக்கும் ஆயில் சீல். அதில் கசிவு தெரிந்தால் யோசிக்கவே வேண்டாம், மாற்றித்தான் ஆக வேண்டும். கசியும் எண்ணெய் புது கிளச் பிளேட்டில் பட்டால் அந்த பிளேட் வழுக்க ஆரம்பித்துவிடும். சீல் காய்ந்து சுத்தமாக இருந்தால்? இங்கே அனுபவசாலிகளே இரண்டு கட்சி. புது சீலைக் கோணாமல் இறக்க வேண்டும். பழையதை நெம்பி எடுக்கும்போது ஷாஃப்டில் ஒரு கீறல் விழுந்தாலும், இல்லாத கசிவை நாமே உண்டாக்கிவிடுவோம். சரியான கருவியும் கைப்பழக்கமும் இல்லாத வீட்டு மெக்கானிக்குக் காய்ந்த சீலை விட்டுவைக்கச் சொல்வதே என் பரிந்துரை.

எப்படித் தேய்கிறது?

காரில் உள்ள பொருள்கள் எல்லாம் ஒரே மாதிரி மூப்படைவதில்லை. பிரேக் பேட் உரசி உரசித் தேயும். அதன் தேய்மானத்தைக் கண்ணால் பார்க்கலாம், ஸ்கேலால் அளக்கலாம். புதிதாக ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் இருக்கும் உரசுபொருள் 2 அல்லது 3 மில்லிமீட்டருக்கு இறங்கினால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. ஒரு பக்கம் மட்டும் மாற்றக் கூடாது. ஒரே அச்சின் இரு சக்கரங்களுக்கும் சேர்த்து மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். ஷாக் அப்சார்பருக்கும் இதே ஜோடி விதி.

டிஸ்க்குக்கு ஊகம் தேவையில்லை. குறைந்தபட்சத் தடிமன் எவ்வளவு என்பது பெரும்பாலும் டிஸ்க்கிலேயே மில்லிமீட்டரில் பொறிக்கப்பட்டிருக்கும். இல்லையென்றால் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். ஓரத்து மேடு தேயாத பகுதி. ஆகவே வெர்னியரின் தாடை அந்த மேட்டில் உட்கார்ந்தால் அளவு கூடுதலாகக் காட்டி ஏமாற்றிவிடும். மைக்ரோமீட்டரால் உரசும் பரப்பில் நான்கைந்து இடங்களில் அளக்க வேண்டும். அளவு எல்லைக்கு மேல் இருந்து, ஆழமான கோடுகளோ வெடிப்போ இல்லாமல், மிதிக்கும்போது பெடல் அதிராமலும் இருந்தால், டிஸ்க் இன்னொரு ஜோடி பேடுக்கு உழைக்கும். எல்லையை ஒட்டி நின்றால், புது பேட் முழுவதும் தேய்வதற்குள் டிஸ்க் எல்லையைத் தாண்டிவிடும் என்று கொண்டு இப்போதே மாற்ற வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாமல் மூப்படைவது பிரேக் ஆயில். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் திரவம். டாட் 3 தரத்தின்படி புது ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. ஈரம் ஏறிய நிலையில் அந்த எல்லை 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. டாட் 4 ஆயிலுக்கு இது 230, 155. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும்போது பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே வந்தால் காலிப்பரின் சூடு ஆயிலுக்குப் போகும். ஆயில் கொதித்தால் ஆவிக் குமிழி உண்டாகும். திரவத்தை அழுத்த முடியாது, ஆவியை அழுத்தலாம். பெடல் பஞ்சுபோல் உள்ளே போய்விடும். ஆகவே ஆயில் பழுப்பாகத் தெரிகிறதா என்று மட்டும் பார்க்காமல், கடைசியாக மாற்றியது எப்போது என்று பார்க்க வேண்டும். இரண்டு ஆண்டு கடந்திருந்தால், பேட் மாற்றும் அன்றைக்கே ஆயிலையும் மாற்றிவிடலாம்.

போனால் கூடவே எது போகும்?

சில பொருள்கள் தனியாகப் போகும். சில தம்மோடு மற்றதையும் இழுத்துக்கொண்டு போகும். டைமிங் பெல்ட் இரண்டாவது வகை. பல் வைத்த ரப்பர் பெல்ட் அது. கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றும்போது கேம் ஷாஃப்ட் சரியாக ஒரு சுற்று சுற்றும்படி இரண்டையும் பிணைத்து வைக்கிறது. பல என்ஜின்களில் பிஸ்டன் மேலே வரும் இடமும் வால்வு கீழே திறக்கும் இடமும் ஒன்றே. நேரம் மட்டும்தான் வேறு. பெல்ட் அறுந்தால் அந்த நேரக்கணக்கு அறுந்துவிடும். பிஸ்டன் வால்வை மோதி வளைத்துவிடும். பெல்ட்டின் விலை எங்கே, சிலிண்டர் ஹெட்டின் விலை எங்கே!

பெல்ட் உள்ள பல என்ஜின்களில் வாட்டர் பம்ப்பையும் அதே பெல்ட்தான் சுழற்றுகிறது. பம்ப்பின் பேரிங் இறுகிப்போனால் புது பெல்ட்டும் பல் உதிர்ந்து அறுந்துவிடும். பம்ப் கசிந்தால் கூலன்ட் பெல்ட்டை நனைக்கும். டென்ஷனரின் பேரிங்குக்கும் இதே கதை. அதனால்தான் பெல்ட் மாற்றும்போது டென்ஷனரையும் பம்ப்பையும் சேர்த்து மாற்றுகிறார்கள். இங்கே முதல் கேள்வியும் மூன்றாவது கேள்வியும் ஒரே பதிலைத் தருகின்றன. மாருதி 800 பெல்ட் வண்டி. பின்னால் வந்த கே வரிசை பெட்ரோல் என்ஜின்கள் செயின் வகை. உங்கள் காரில் எது, எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு முறை என்பதைக் காரோடு வந்த புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் எல்லாவற்றையும் மாற்றிவிடலாமே?

இரண்டாவது மெக்கானிக்கின் பேச்சுக்கு இனி வருவோம். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப் படையின் கடலோரப் பிரிவில், நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடிப் பறந்த விமானங்களைப் பராமரிப்பதில் ஒரு சிக்கல் இருந்தது. சி.எச். வாடிங்டன் என்ற உயிரியலாளர் இருந்த ஆய்வுக் குழு பழுதுக் கணக்குகளைக் கோத்துப் பார்த்தது. 50 மணி நேரப் பறத்தலுக்கு ஒரு முறை முறையான பராமரிப்பு நடந்தது. அது முடிந்த கையோடு எதிர்பாராத பழுதுகள் கூடின. அடுத்த பராமரிப்பு வரும் வரை மெல்ல மெல்லக் குறைந்தன. நன்றாக இருந்ததைக் கழற்றி மாட்டியதே பழுதுகளைக் கொண்டுவந்தது. இந்த வரலாற்றை வாடிங்டன் எழுதிய நூல் 1973இல்தான் வெளிவந்தது.

அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்காக யுனைடெட் ஏர்லைன்ஸைச் சேர்ந்த நௌலன், ஹீப் இருவரும் 1978இல் அளித்த அறிக்கையும் இதே திசையைக் காட்டியது. அவர்கள் ஆராய்ந்த விமானப் பாகங்களில் 11 சதவீதம் மட்டுமே வயது ஏற ஏறப் பழுதாகும் போக்கைக் காட்டின. 68 சதவீதத்தில் பழுதின் வாய்ப்பு பொருத்திய புதிதில்தான் அதிகம். டயர், பிரேக் போல நேரடியாக உரசித் தேயும் எளிய பொருள்களுக்கு வயதுக் கணக்கு பொருந்தும்; சிக்கலான பொருள்களில் பெரும்பாலானவற்றுக்குப் பொருந்தாது.

நம் வாசலுக்கு இதன் பாடம் நேரானது. ஒரு பொருளை மாற்றும் ஒவ்வொரு முறையும் ஒரு புதுத் தொடக்கத்தின் ஆபத்தையும் பொருத்துகிறோம். மறந்த கிளிப், கூட இறுக்கிய போல்ட், உள்ளே நுழைந்த மணல் துகள், பெட்டியில் கம்பெனிப் பெயர் போட்ட போலி சரக்கு: இவை எல்லாம் அந்த ஆபத்தின் முகங்கள். தரமான பழையது, தரம் தெரியாத புதியதைவிட மேல். தெர்மோஸ்டாட் சரியாக வேலை செய்கிறது, ஆல்டர்னேட்டர் சரியாக சார்ஜ் ஏற்றுகிறது என்றால், வயதைக் காரணம் காட்டி அவற்றை மாற்றாதீர்கள்.

கேள்வி கேட்காமல் மாற்ற வேண்டிய பொருள்களும் உண்டு. நசுங்கி அடைப்பதற்கென்றே செய்த வாஷர், ஒரு முறை பிரித்த கேஸ்கெட், பழைய காட்டர் பின், இழுபட்டு இறுகும்படி வடிவமைத்த ஹெட் போல்ட். சிறியவை, மலிவானவை, திரும்பப் பயன்படாதவை. வேலை தொடங்கும் முன் இவற்றை வாங்கிக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். ஞாயிறு மதியம் காரை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டுத் திறந்திருக்கும் ஸ்பேர்ஸ் கடையைத் தேடி அலைய நேர்ந்தால், பழைய வாஷரையே திரும்பப் போடத் தோன்றும். தப்பு நடப்பது அந்த அவசரத்தில்தான்.

மறுபடியும் சக்கரத்தருகே

இப்போது அந்த நான்கு வேலைக்கு வருவோம். பேட்: இருபுறமும் மாற்ற வேண்டும். டிஸ்க்: அளந்து முடிவு செய்ய வேண்டும். ஹோஸ்: வெடிப்பு தெரிகிறது; போனால் பிரேக்கே போகும்; எட்டுவதும் எளிது. மூன்று கேள்விகளில் இரண்டு மாற்றச் சொல்கின்றன. முன் ஹோஸ் இரண்டையும் மாற்றி, கையோடு ஆயிலையும் மாற்றிக் காற்றெடுத்துவிட வேண்டும். காலிப்பரின் ஸ்லைடு பின்களுக்குப் புதிது தேவையில்லை. சுத்தம் செய்து பிரேக்குக்கென்று விற்கும் கிரீஸைத் தடவினால் போதும். வீல் பேரிங்குக்குப் போடும் சாதாரண கிரீஸ் அங்கே உள்ள ரப்பரை ஊத வைத்துவிடும்.

கடைசியாகக் கிழிந்த பூட். அது ரப்பர்தான், ஆனால் உள்ளே இருக்கும் மூட்டுக்கு அதுதான் வீடு. கிரீஸ் வெளியே போன வழியாக மண் உள்ளே போகும். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி மெதுவாக ஓட்டும்போது "டக் டக்" என்ற சத்தம் இல்லையென்றால், மூட்டைக் கழுவி, புது கிரீஸ் நிரப்பி, புது பூட் போட்டால் அது பல ஆண்டு உழைக்கும். சத்தம் வந்துவிட்டால் மூட்டையே மாற்ற வேண்டும். ஆனால் இதை இன்றைக்கே முடிக்க வேண்டியதில்லை. ஷாஃப்டை உருவ வேண்டும், கியர்பாக்ஸ் ஆயில் வழியும், பெரிய நட்டுக்கு நீளமான பிடியுள்ள ஸ்பானர் வேண்டும். பிரேக் வேலையின் கவனத்தை அதோடு பங்கு போடக் கூடாது. பூட், கிளாம்ப், கிரீஸ் மூன்றையும் இந்த வாரமே வாங்கிவைத்து அடுத்த ஞாயிறு தொடங்கலாம். அதுவரை மழைநீர் தேங்கிய சாலையையும் மண்பாதையையும் தவிர்த்தால் போதும்.

சக்கரத்தை மாட்டி, வண்டியை இறக்கி, நட்டுகளை எதிரெதிர் வரிசையில் முறுக்கிய பிறகு இன்னொரு சிறு வேலை பாக்கி. ஒரு நோட்டில் தேதி, கிலோமீட்டர், டிஸ்க்கின் தடிமன், மாற்றியவை, பார்த்து விட்டுவைத்தவை ஆகியவற்றை எழுதிவையுங்கள். அடுத்த முறை அதே சக்கரத்தைக் கழற்றும்போது அந்த டிஸ்க் எவ்வளவு தேய்ந்தது என்று கழித்துப் பார்க்கலாம். மாற்றலாமா என்ற கேள்விக்கு, உங்கள் சாலையில் உங்கள் காலடியில் ஓடும் உங்கள் காரே பதில் சொல்லும்.