சுவரில் தொங்கும் பட்டமும் ஆண்டுச் சான்றிதழும்



லிட்டில் இந்தியாவை ஒட்டிய தெருவொன்றில் சிறிய கிளினிக் நடத்திவரும் மருத்துவன் நான். “டாக்டருக்குப் படித்துப் பட்டமும் வாங்கிய பிறகு, வருடா வருடம் புள்ளி சேர்க்க வேண்டுமாமே, அது எதற்கு?” என்று நம்மவர் பலர் என்னைக் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானது. அதற்கான விடை ஒவ்வொரு நோயாளியின் நலனையும் பொறுத்தது என்பதால், இம்மலரின் வழியே சற்று விளக்க விழைகிறேன்.

கிளினிக் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கும் பட்டம், ஒருவர் எங்கே, எப்போது படித்துத் தேறினார் என்பதைச் சொல்கிறது. இவ்வாண்டில் வைத்தியம் பார்க்க அவருக்கு உரிமை உண்டா என்பதைச் சொல்வது வேறொரு தாள். அதுவே மலேசிய மருத்துவ மன்றம் வழங்கும் ஆண்டுத் தொழில் சான்றிதழ். 1971ஆம் ஆண்டு மருத்துவச் சட்டத்தின்படி வழங்கப்படும் அச்சான்றிதழ் டிசம்பர் 31ஆம் தேதியோடு காலாவதியாகிவிடும். 2012இல் நிறைவேறிய சட்டத் திருத்தம் 2017 ஜூலை 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது. அதன் பயனாக, சான்றிதழைப் புதுப்பிக்கத் தொடர்கல்வியும் தொழில் பொறுப்புக் காப்புறுதியும் கட்டாயமாயின. கருத்தரங்கு, பயிற்சிப் பட்டறை போன்றவற்றின் மூலம் ஓராண்டில் குறைந்தது 20 புள்ளிகள் சேர்க்க வேண்டும்.

இதன் தேவையை உணர நம் இனத்தாரிடையே மிகுந்து காணப்படும் நீரிழிவு நோய் ஒன்றே போதும். முன்பெல்லாம் வெறும் வயிற்றில் எடுத்த இரத்தத்தில் சர்க்கரை 7.8 மில்லிமோல் அளவை எட்டினால்தான் நீரிழிவு என்றோம். 1997இல் அமெரிக்க நீரிழிவுச் சங்கம் அந்த எல்லையை 7.0 ஆகக் குறைத்தது. 1999இல் உலகச் சுகாதார நிறுவனமும் அவ்வாறே அறிவித்தது. பழைய பாடத்தோடு நின்றுவிட்ட மருத்துவர், 7.4 என்று வந்த நோயாளியிடம் “பயமில்லை, போய் வாருங்கள்” என்றுதான் சொல்வார். அந்த நோயாளியின் கண்ணும் சிறுநீரகமும் சத்தமின்றிக் கெட்டுக்கொண்டிருக்கும். 2005இல் அமெரிக்காவில் 62 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். அவற்றுள் பாதிக்கு மேற்பட்டவை, தொழிலில் ஆண்டுகள் கூடக் கூட மருத்துவரின் தரம் குறைவதாகவே காட்டின. அனுபவம் பெரிதுதான், ஆயினும் அது படிப்புக்கு ஈடாகாது.

அப்படியானால் மருத்துவர்கள் முணுமுணுப்பது ஏன்? என் சக மருத்துவர்களின் குறைகள் பெரும்பாலும் மூன்று. ஒன்று, தனியாளாகக் கிளினிக் நடத்துபவர் கருத்தரங்குக்குப் போனால் கதவைச் சாத்த வேண்டும், அல்லது மாற்று மருத்துவருக்குச் சம்பளம் தர வேண்டும். இரண்டு, பேசப்படும் பொருள் பல வேளைகளில் நம் அன்றாட நோயாளிக்கு உதவுவதில்லை. மூன்று, புள்ளி கிடைப்பது உட்கார்ந்திருந்த நேரத்துக்கே தவிர, கற்றுக்கொண்டதற்கு அல்ல. கூட்டச் செலவை மருந்துக் கம்பெனி ஏற்கும்போது, பாடம் எது, விளம்பரம் எது என்ற ஐயமும் எழுகிறது.

இக்குறைகள் இந்நாட்டுக்கு மட்டும் உரியவை அல்ல. அமெரிக்க உள்மருத்துவ வாரியம் ஒரு காலத்தில் ஆயுள் முழுமைக்கும் சான்றிதழ் தந்தது. 1990 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை தேர்வு என்றாக்கியது. 2014இல் விதிகளை மேலும் இறுக்கியபோது மருத்துவர்கள் திரண்டு எதிர்த்தார்கள். 2015 பிப்ரவரியில் வாரியமே பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டுச் சில விதிகளை நிறுத்திவைத்தது. பிரிட்டனில் 2012 டிசம்பர் முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மருத்துவரின் தகுதி மறு உறுதி செய்யப்படுகிறது. இந்தியாவிலோ 2002ஆம் ஆண்டின் நெறிமுறைகள் ஐந்தாண்டுக்கு 30 மணி நேரத் தொடர்கல்வியைக் கூறின. நாட்டுக்கு நாடு வழி வேறு. தொடர்ந்து கற்க வேண்டும் என்பதில் மட்டும் வேறுபாடு இல்லை.

என் கருத்து இதுதான்: விதி வேண்டும், ஆனால் அது நாற்காலியை எண்ணாமல் அறிவை எண்ண வேண்டும். இதில் நன்கொடையாளர்களாகிய உங்களுக்கும் பங்குண்டு. நீங்கள் பொருளுதவி செய்யும் இலவச மருத்துவ முகாமாக இருந்தாலும், தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலருகே அமைக்கும் முதலுதவிக் கூடாரமாக இருந்தாலும், அங்கே வைத்தியம் பார்க்கும் மருத்துவரிடம் நடப்பு ஆண்டுச் சான்றிதழ் இருக்கிறதா என்று ஏற்பாட்டாளர்கள் கேட்டறிய வேண்டும். மன்றத்தின் இணையப் பதிவேட்டிலும் பெயரைத் தேடிப் பார்க்கலாம். இதை எந்த நல்ல மருத்துவரும் அவமதிப்பாகக் கருதமாட்டார்.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. கோயில் மண்டபத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அங்கீகாரம் பெற்ற மருத்துவ அமைப்போடு சேர்ந்து, நீரிழிவு, சிறுநீரக நோய் பற்றிய வகுப்பு நடத்த யாரேனும் செலவை ஏற்கலாம். சிறு கிளினிக் மருத்துவர் கதவைச் சாத்தாமல், மருந்துக் கம்பெனியின் தயவின்றிக் கற்றுக்கொள்வார். அன்னதானத்துக்கும் வித்யாதானத்துக்கும் இணையான புண்ணியம் அது.

விஜயதசமியன்று குழந்தையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுத வைக்கிறோம். அதே நாளில், கற்றறிந்த பெரியவர்களும் பூஜையில் வைத்த புத்தகத்தை எடுத்து மீண்டும் பிரிக்கிறார்கள். மருத்துவனுக்கு அந்த விஜயதசமி ஆண்டுதோறும் வரத்தான் வேண்டும். குயின் ஸ்திரீட் அருள்மிகு மகாமாரியம்மன் அனைவருக்கும் நோயற்ற வாழ்வை அருள்வாளாக!