முதுமைக்கு வைத்த பொருளை முன்னரே எடுக்கலாமா?

மரக்காணம் கடற்கரையில் உப்பை விளைவிப்பது வெயில். தொழிலை நிறுத்துவது மழை. வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் பாத்திகள் நீரில் மூழ்குகின்றன. மழை ஓய்ந்து, நிலம் காய்ந்து, பாத்தி கட்டி மீண்டும் உப்பு வாரும் வரையில் கூலி இல்லை. 2024 நவம்பர் 30-ஆம் நாள் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்த பெஞ்சல் போன்றதொரு புயல் வந்துவிட்டாலோ, துன்பம் இரட்டிப்பாகிறது.

இத்தகைய மாதங்களில் குடும்பத்தில் யாரேனும் ஆலை வேலைக்குச் சென்றிருந்தால், அவர் பெயரில் சேர்ந்துள்ள பி.எப். பணம் நினைவுக்கு வருகிறது. ‘வேலையை விட்டு நின்று முழுவதையும் வாங்கிவிட்டால் என்ன?’ என்று அங்கத்தினர்கள் எம்மிடம் வினவுவதுண்டு. இவ்வினாவுக்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் விடை கூறுதல் இயலாது. அந்தப் பணம் ஒன்றல்ல, இரண்டு என்பதை முதலில் உணர வேண்டும்.

தொழிலாளர் வருங்கால வைப்பு நிதிச் சட்டம் 1952-இல் இயற்றப்பட்டது. அது முதன்முதலில் பொருந்திய ஆறு தொழில்களுள் துணி உற்பத்தியும் ஒன்று. தொழிலாளியின் சம்பளத்தில் 12 சதவீதம் பிடித்தம் செய்யப்படுகிறது. முதலாளியும் 12 சதவீதம் செலுத்துகிறார். முதலாளி செலுத்துவதில் 8.33 சதவீதம், ரூ. 15,000 சம்பள வரம்புக்கு உட்பட்டு, 1995 நவம்பர் 16-இல் தொடங்கிய ஓய்வூதியத் திட்டத்திற்குச் செல்கிறது. எஞ்சியது தொழிலாளியின் பங்கோடு வைப்பு நிதியில் சேர்கிறது. ஆகவே வைப்பு நிதி வேறு, ஓய்வூதிய நிதி வேறு.

முன்னதில் சட்டமே சில வாயில்களைத் திறந்து வைத்திருக்கிறது. நோய், வீடு கட்டுதல், திருமணம், பிள்ளைகளின் மேற்படிப்பு ஆகியவற்றுக்காக ஒரு பகுதியை எடுக்கலாம். இது கடனன்று; திருப்பிச் செலுத்த வேண்டுவதில்லை. ஆயினும் விலையில்லாததன்று. 2024-25-ஆம் ஆண்டுக்கு இந்நிதிக்கு வழங்கப்பட்ட வட்டி 8.25 சதவீதம். இவ்வீதமே நீடிப்பதாகக் கொண்டால், நாற்பது வயதில் எடுக்காமல் விட்ட ரூ. 10,000, ஐம்பத்தெட்டாம் வயதில் ஏறத்தாழ ரூ. 41,600 ஆகியிருக்கும். மேலும், ஐந்தாண்டுச் சேவை நிறையுமுன் ரூ. 50,000 அல்லது அதற்கு மேல் எடுப்போரிடம் வருமான வரியும் பிடிக்கப்படலாம்.

பின்னதான ஓய்வூதிய நிதியே பெரிதும் கவனிக்கற்பாலது. பத்தாண்டுச் சேவை இருந்தால்தான் மாதந்தோறும் ஓய்வூதியம் உண்டு. பத்தாண்டு நிறையாதவர், வேலையை விட்டபின், பத்து-சி படிவம் எழுதிக் கொடுத்துத் தொகையை வாங்கிக்கொள்ள இயலும். அன்றே அவருடைய சேவைக் காலம் துடைக்கப்பட்டுவிடுகிறது. அடுத்த ஆலையில் சேர்ந்தால் மீண்டும் முதலாம் ஆண்டிலிருந்து எண்ண வேண்டும்.

ஒரு கணக்குப் பார்ப்போம். ரூ. 15,000 சம்பளத்தில் ஒன்பதாண்டு உழைத்தவர் பெறுவது ஒன்பது மாதச் சம்பளத்தைச் சற்றே மிஞ்சும், ஏறத்தாழ ரூ. 1,40,000. அவரே இன்னும் ஓராண்டு பணி செய்திருப்பின், சம்பளத்தைப் பத்தால் பெருக்கி எழுபதால் வகுக்க, மாதம் ரூ. 2,142 ஓய்வூதியத்திற்கு உரியவராகிறார். ஐம்பத்தெட்டாம் வயதிலிருந்து ஐந்தரை ஆண்டுகளுக்குள் அந்தத் தொகை முழுவதும் வந்து சேர்ந்துவிடும். அதன் பின்னரும் ஆயுள் உள்ளவரை வரும். அவர் காலமானால் மனைவிக்கும், இருபத்தைந்து வயது வரை இரு பிள்ளைகளுக்கும் உதவித் தொகை உண்டு. எடுத்த பணத்தை வட்டிக்கு விட்டால் ஆதாயமன்றோ என்பாரும் உளர். வட்டிக்கு நிற்குமாயின் அக்கணக்கு வேறு. மழை மாதத்தில் எடுத்த பணம் வட்டிக்கு நிற்பதில்லை என்பதை அங்கத்தினர்கள் அறிவர்.

எனவே, வேலையை விட்டவர் தொகையைக் கேளாமல் திட்டச் சான்றிதழைக் கேட்டு வாங்கலாம். பழைய சேவை அடுத்த வேலையின் சேவையோடு கூட்டப்படும். பத்தாண்டு நிறைந்தவர் ஐம்பது வயது முதலே ஓய்வூதியம் பெறலாமாயினும், ஐம்பத்தெட்டுக்கு முன் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 சதவீதம் குறையும். ஐம்பதிலேயே பெற்றால் கால்பங்குக்கு மேல் இழப்பாகும். அது ஆயுள் முழுவதும் தொடரும்.

அரசும் இவ்வழியே சிந்திக்கிறது. நிதியின் மத்திய அறங்காவலர் குழு 2025 அக்டோபர் 13-இல் சில முடிவுகளை எடுத்தது. பகுதித் தொகை எடுப்பதை எளிதாக்கி, கால்பங்கை மட்டும் தொடாது வைத்தல். வேலையிழந்தவர் முழுத் தொகையும் பெறும் காலத்தை இரண்டு மாதத்திலிருந்து பன்னிரண்டாகவும், ஓய்வூதியத் தொகை பெறும் காலத்தை முப்பத்தாறு மாதமாகவும் நீட்டித்தல் என்பன அவை. விண்ணப்பிப்பவர் அன்றைய நடைமுறையை நிதி அலுவலகத்தில் கேட்டறிந்து செல்க.

பி.எப். இல்லாத உப்பளத் தொழிலாளரும் நெசவாளரும் விவசாயிகளும் 2015-இல் தொடங்கிய அடல் ஓய்வூதியத் திட்டத்தில், வருமான வரி செலுத்தாதவராயின், பதினெட்டு முதல் நாற்பது வயதுக்குள் சேரலாம். முப்பது வயதில் சேர்பவர் மாதம் ரூ. 116 செலுத்தினால், அறுபதில் மாதம் ரூ. 1,000 கிட்டும். இதிலிருந்து இடையில் விலகினால், தாம் செலுத்தியதும் அது ஈட்டியதும், கட்டணம் போக, திரும்பும். உறுதி செய்யப்பட்ட ஓய்வூதியமோ கைவிட்டுப் போகும்.

அப்படியாயின் மழை மாதங்களுக்கு வழி யாது? உப்பளத் தொழிலாளருக்குத் தமிழக அரசு 2022 முதல் மழைக்காலத்துக்கென ரூ. 5,000 உதவி வழங்கியுள்ளது. அதற்கு உரியவர் தவறாது பதிவு செய்துகொள்க. அடுத்து, கூட்டுறவுச் சங்கத்தின் நகைக்கடன். கடன் தீர்ந்தால் நகை மீளும். துடைக்கப்பட்ட சேவைக் காலம் மீளாது. மருத்துவச் செலவு வந்து, கந்துவட்டிக்காரரிடம் செல்லும் நிலை ஏற்படுமாயின், வைப்பு நிதியில் ஒரு பகுதியை எடுப்பதே அறிவுடைமை. அதற்காகவே அவ்வாயில் வைக்கப்பட்டுள்ளது. ஓய்வூதிய நிதியை மட்டும் கடைசி வரையில் தொடாதிருத்தல் நலம்.

வெயில் மாதங்களில் வாரிய உப்பை மழை தொடாதபடி குவித்து, ஓலையிட்டு மூடிக் காப்பது இக்கரையின் வழக்கம். உழைக்கும் வயதில் சேர்ந்த பொருளையும் அவ்வண்ணமே காக்க வேண்டும். பத்து-சி படிவத்தில் கையொப்பமிடுமுன், தமக்கு எத்தனை ஆண்டுச் சேவை உள்ளது என்பதை ஒருமுறை எண்ணிப் பார்க்குமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.