பையை இறக்கிய பின்னும் நீங்காத முதுகுவலி

புதுதில்லி: பள்ளிக் குழந்தைகளின் முதுகுவலி என்றாலே ஆட்சியாளர்களின் நினைவுக்கு வருவது புத்தகப் பைதான். பையின் எடைக்கு வரம்பு விதிக்க முற்பட்ட 2006-ஆம் ஆண்டு மசோதா சட்டமாகவில்லை. சென்னை உயர் நீதிமன்றம் 2018-ல் பிறப்பித்த உத்தரவுக்குப் பின், மாணவரின் உடல் எடையில் 10 சதவீதத்தைப் பை தாண்டக் கூடாது என 2020-ல் மத்திய கல்வி அமைச்சகம் கொள்கை வகுத்தது.

ஆனால், பையை இறக்கினால் தணியும் வலி வேறு. படுத்த பின்னும் உறங்கவிடாத வலி வேறு. பின்னதற்கு முதுகெலும்பில் அரிதாகத் தோன்றும், புற்றுநோயல்லாத கட்டிகள் காரணமாகலாம். அவற்றுள் ஒன்று ஆஸ்டியாய்டு ஆஸ்டியோமா. பெரும்பாலும் 10 முதல் 25 வயதுக்குள் தாக்கும் இக்கட்டி, 2 செ.மீ.க்கும் குறைவானது. இவ்வகைக் கட்டிகளில் ஏறத்தாழ 10 சதவீதம் முதுகெலும்பில் உருவாகின்றன. வலி இரவில் கூடும். ஐபுப்ரோஃபென் போன்ற மாத்திரையால் குறையும். தசைகள் இறுகி, முதுகு ஒருபுறமாக வளைவதும் உண்டு. இதைவிடப் பெரிதாக வளரும் ஆஸ்டியோபிளாஸ்டோமா கட்டி, தண்டுவடத்தை அழுத்திக் கால்களின் வலுவையும் குறைக்கக்கூடும்.

சாதாரண எக்ஸ்ரேயில் சிறு கட்டி புலப்படாமல் போகலாம், சி.டி. ஸ்கேன் காட்டிக்கொடுத்துவிடும். அதன்பின் ஊசி வழியே ரேடியோ அலை வெப்பத்தைச் செலுத்திக் கட்டியை அழிக்கலாம். நரம்பை ஒட்டியிருந்தால் அறுவைச் சிகிச்சை தேவைப்படும். காலம் தாழ்த்தினால் முதுகின் வளைவு நிரந்தரமாகிவிடும் அபாயம் உள்ளது.

பிறப்பு முதல் 18 வயது வரையிலான குழந்தைகளைப் பரிசோதிக்க, 'ராஷ்டிரிய பால் ஸ்வாஸ்திய கார்யக்ரம்' திட்டத்தை 2013-ல் மத்திய அரசு தொடங்கியது. அதன் தேசியப் பட்டியலில் வகுக்கப்பட்ட 30 பாதிப்புகளில் முதுகு வளைவோ, எலும்புக் கட்டியோ இடம்பெறவில்லை. அரிய நோய்கள் அனைத்தையும் பட்டியலில் அடக்க இயலாது என்பது நியாயமே. ஆண்டுக்கு ஒரு குடும்பத்துக்கு ரூ. 5 லட்சம் வரை சிகிச்சைக்கு வழிசெய்யும் ஆயுஷ்மான் பாரத் காப்பீடு 2018 முதல் உள்ளது. எனினும், நோய் இன்னதென்று தெரிந்து மருத்துவமனையில் சேர்ந்தவருக்கே அது கைகொடுக்கும்.

பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவினர், முதுகுவலி என்று கூறும் குழந்தையிடம் "இரவிலும் வலிக்கிறதா?" என்று கேட்பதற்குத் தனி நிதி ஒதுக்கீடு தேவையில்லை. 'ஆம்' என்றால் மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்ப ஓர் அறிவுறுத்தல் போதும். புத்தகப் பை விவாதம் அவையில் மீண்டும் எழும்போது, உறுப்பினர்கள் இதையும் அரசிடம் வலியுறுத்தலாம்.