தண்ணீரில் விளையும் கல்

திருச்செங்கோட்டுக்காரர்களுக்குக் கல்லைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஊருக்குப் பெயரே செந்நிற மலையால் வந்தது. தொழிலோ ரிக் வண்டி. இங்கிருந்து புறப்படும் போர்வெல் வண்டிகள் வட மாநிலங்களெல்லாம் சுற்றி, கடல் தாண்டி ஆப்பிரிக்கா வரை போய்க் கல்லைத் துளைத்துத் தண்ணீர் எடுக்கின்றன. ஆயிரம் அடி இறக்கியும் வெறும் புகைதான் பறந்தது என்கிற கதை இந்தப் பக்கத்து டீக்கடைகளில் எப்போதும் கிடைக்கும்.

இதே சேலம், நாமக்கல் சமவெளியில் இதற்கு நேர் எதிரான ஒரு வேலையும் பல ஆண்டுகளாகச் சத்தமில்லாமல் நடக்கிறது. தண்ணீரிலிருந்து கல் எடுக்கும் வேலை. கல்லூரிகளின் இயற்பியல் துறைக்குள் போனால், ஏதாவது ஒரு அறையில், ஆட்டம் அசைவு படாத மூலையில், வாய் மூடிய பீக்கர்கள் வரிசையாக இருக்கும். மூடியில் ஊசியால் குத்திய சிறு துளைகள். அடியில் சர்க்கரைக் கட்டி போல ஏதோ ஒன்று மின்னும். தொட்டால் ஆராய்ச்சி மாணவிக்குக் கோபம் வரும். நாற்பது நாள் காத்திருந்த பலன் அது.

அந்தக் கல்லின் வேலை ஒளியின் நிறத்தை மாற்றுவது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசர் ஒருபக்கம் நுழைந்தால், மறுபக்கம் பச்சையாக வெளிவர வேண்டும். துறையில் இதை ‘என்.எல்.ஓ. படிகம்’ என்பார்கள். விரித்தால் நேரிலா ஒளியியல் படிகம்.

தமிழ்நாட்டின் சிறிய பல்கலைக்கழகங்களிலும் அவற்றோடு இணைந்த கல்லூரிகளிலும் ஏன் இத்தனை பேர் இந்த ஒரு துறைக்குள் போனார்கள்? காரணத்தை உரக்கடையில் பார்க்கலாம்.

சொட்டு நீர் போட்ட விவசாயி கடைக்குப் போய், “ஜீரோ ஃபிஃப்டி டூ தர்ட்டி ஃபோர் இருக்குதுங்களாண்ணா?” என்று கேட்டு வாங்கும் வெள்ளைப் பொடி பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட். லேசர் உலகில் அதற்குப் பெயர் கே.டி.பி. அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வகத்தில் 192 லேசர் கற்றைகளை ஒரு புள்ளியில் குவித்து அணுக்கரு இணைவை நடத்துகிறார்களே, அங்கே அகச்சிவப்பைப் புற ஊதாவாக மாற்றிக் கொடுப்பது இந்த உப்பின் படிகம்தான். ஒரே படிகம் 300 கிலோவுக்கும் மேல் வளர்க்கப்பட்டிருக்கிறது. பழைய முறையில் 2 ஆண்டு பிடித்த வளர்ப்பை, விரைவு முறையில் சுமார் 2 மாதத்துக்குள் கொண்டுவந்தார்கள். பன்னிரண்டு அறுபத்தொன்று என்று கேட்டு வாங்கும் இன்னொரு உரம், ஏ.டி.பி. என்ற அதன் தம்பி. யூரியாவோ, புதிய படிகம் எவ்வளவு தேறுகிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க ஆய்வகங்கள் பயன்படுத்தும் அளவுகோல்களில் ஒன்று. கிளைசின், அலனின், ஹிஸ்டிடின் போன்ற அமினோ அமிலங்கள் அளவுக்கு மலிவான மூலப்பொருள் ஒளியியலில் வேறு எங்கே கிடைக்கும்? வெற்றிட அறை வேண்டாம், ஆயிரம் டிகிரி உலை வேண்டாம். ஏழை ஆய்வகம் கைவைக்கக்கூடிய ஒளியியல் இது. சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகம் தொடங்கியதே 1997இல்தான். அதற்குப் பின் எழும்பிய ஆய்வுத் துறைகளின் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது பீக்கர்.

வழிகாட்டியும் பக்கத்திலேயே கிடைத்தார். அண்ணா பல்கலைக்கழகத்தின் படிக வளர்ச்சி மையத்தை உருவாக்கிய பேராசிரியர் பி.ராமசாமியிடமும் அவருடைய மாணவர்களிடமும் பயின்றவர்கள் தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் பரவலாக இருக்கிறார்கள். காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தின் கே.சங்கரநாராயணனும் ராமசாமியும் சேர்ந்து 2005இல் வெளியிட்ட ஒரு முறை, இன்று இரண்டு பேரின் பெயராலேயே எஸ்.ஆர். முறை என்று வெளிநாட்டு ஆய்விதழ்களிலும் வழங்குகிறது. கண்ணாடிக் குழலின் அடியில் விதைப் படிகத்தை வேண்டிய திசையில் பதித்து, மேலே கரைசலை ஊற்றி, குழலின் தலைப்பக்கம் வளைய வடிவச் சூடேற்றியைச் சுற்றுவார்கள். தண்ணீர் மேலே ஆவியாக, படிகம் கீழிருந்து ஒரே திசையில் ஏறும். குழாய்ப் புட்டு போலக் குழலின் வடிவத்திலேயே வெளியே வரும். லேசருக்கு எந்தத் திசையில் வெட்டிய படிகம் வேண்டுமோ அந்தத் திசையிலேயே வளர்ந்துவிடுவதால் வெட்டிக் கழிக்கும் சேதாரம் குறைவு; கரைந்த பொருளும் ஏறக்குறைய முழுதாகப் படிகமாகிவிடுகிறது. நான் அறிந்த வரையில், தமிழ்நாட்டு ஆய்வகங்கள் இந்தத் துறைக்குக் கொடுத்தவற்றில் இதுதான் தலையாயது.

சரி, நிறம் எப்படி மாறுகிறது?

வேப்பமரக் கிளையில் கட்டிய ஊஞ்சலை எடுத்துக்கொள்ளுங்கள். மெதுவாகத் தள்ளினால் முன்னும் பின்னும் சமமாக ஆடும். பின்னால் மட்டும் ஒரு சுவர் இருந்து, தள்ளுகிறவரும் முழுபலத்தோடு தள்ளினால்? முன்பக்கம் நீண்ட ஆட்டம், பின்பக்கம் குட்டை ஆட்டம் என்று கோணலாகிவிடும். படிகத்துக்குள் இருக்கும் எலக்ட்ரான்களை லேசர் ஒளியின் மின்புலம் இப்படித்தான் தள்ளுகிறது. கோணலான அந்த ஆட்டத்துக்குள் இரண்டு மடங்கு வேகமான இன்னோர் ஆட்டமும் ஒளிந்திருக்கும். அதிலிருந்து பிறக்கும் ஒளியின் அலைநீளம் பாதி. 1064 நானோமீட்டர் உள்ளே போனால் 532 வெளியே வரும். திருவிழாக் கூட்டத்தில் பையன்கள் அடித்து விளையாடும் பச்சை லேசர் பேனா பலவற்றுக்குள்ளும் நடப்பது இதுதான். முன்னும் பின்னும் ஒரே மாதிரிச் சுவர் இருந்தால் மட்டும் இந்த இரட்டிப்பு நடக்காது. சமச்சீர் அதைக் கொன்றுவிடும்.

ஆகவே இந்தத் துறையில் வேண்டியது சமச்சீர் இல்லாத அமைப்பு. இதை விளக்க ஆசிரியர்கள் கரும்பலகையில் பாடுபடுவார்கள். திருச்செங்கோட்டில் மலையை நோக்கிக் கையைக் காட்டினால் போதும். மேலே நிற்கும் அர்த்தநாரீசுவரருக்கு வலப்பாதி ஆண், இடப்பாதி பெண். கண்ணாடியில் பார்த்தால் பாதிகள் இடம் மாறிவிடும். பிம்பம் அசலோடு பொருந்தாது. உயிர்களின் உடம்பில் இருக்கும் எல்-வகை அமினோ அமிலங்களும் அந்த இனம்தான். இடக்கை வலக்கைபோல அவற்றுக்கும் கைப்பக்கம் உண்டு. ஒரே கைப்பக்க மூலக்கூறுகளை மட்டும் அடுக்கிக் கட்டிய படிகத்துக்கு மையச் சமச்சீர் வரவே வராது. எல்-அலனினும் எல்-அர்ஜினினும் நம் பீக்கர்களுக்குள் வந்த ரகசியம் இவ்வளவுதான். எல்-அர்ஜினின் பாஸ்பேட் என்ற படிகத்தை 1983இல் சீனாவின் ஷான்டோங் பல்கலைக்கழகத்தார் அறிவித்த பிறகு, அமினோ அமிலத்தோடு எதையாவது கலந்து பார்க்கலாமே என்கிற ஆசை உலகம் முழுக்கப் பரவியது.

இந்த நிகழ்வை முதலில் கண்டவர்களின் கதை வேடிக்கையானது. லேசர் பிறந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. 1961இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஃபிராங்கனும் தோழர்களும் சிவப்பு ரூபி லேசரைக் குவார்ட்ஸ் படிகத்துக்குள் செலுத்தி, அதன் பாதி அலைநீளத்தில் புற ஊதா ஒளியை ஒளிப்படத் தகட்டில் பிடித்தார்கள். கிடைத்தது மிக மங்கலான ஒரு புள்ளி. கட்டுரை அச்சேறியபோது அந்தப் புள்ளியே காணோம். தூசி என்று நினைத்து இதழ்த் தரப்பில் அழித்துவிட்டார்களாம். ஆதாரம் இல்லாத ஆதாரப் படத்தோடுதான் ஒரு புதிய துறை தொடங்கியது.

இனி பீக்கருக்குத் திரும்புவோம். இருமுறை காய்ச்சி வடித்த தண்ணீர், அதில் உப்பு, காந்தக் கலக்கியில் மணிக்கணக்காகச் சுழற்றல், இனி கரையாது என்கிற நிலையில் வடிகட்டல், பிறகு காத்திருப்பு. எழுதினால் ஒரு வரி. இந்த ஊர் வெயிலில் அந்த ஒரு வரி பெரும்பாடு. தண்ணீர் வேகமாக ஆவியானால் ஒரு நல்ல படிகத்துக்குப் பதில் நூறு பொடிகள் விழும். அதனால் நிலைவெப்பத் தொட்டியில் வைப்பார்கள். 2012 வாக்கில் தமிழ்நாடே மின்வெட்டில் தவித்தபோது, இரவில் தொட்டி குளிர்ந்து, விடியும்போது அடியில் மணல் பரப்பியதுபோல் துகள்கள் கொட்டிக் கிடந்த பீக்கர்களுக்குக் கணக்கில்லை. ஆய்வேட்டில் இதற்கெல்லாம் அத்தியாயம் கிடையாது.

படிகம் தேறிய பிறகு பயணம் தொடங்கும். அமைப்பைப் பார்க்கச் சென்னை ஐ.ஐ.டி.யில் உள்ள ‘சைஃப்’ கருவி மையத்துக்கோ கொச்சிக்கோ மாதிரியை அனுப்ப வேண்டும். நிறம் மாறுகிறதா என்று பார்க்க, பொடித்துச் சிறு குப்பியில் அடைத்துப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கு. பொடியாக இருந்தாலே போதும் என்ற சோதனை முறையை 1968இல் குர்ட்ஸும் பெர்ரியும் வகுத்துக் கொடுத்திருந்தார்கள். பொடிமேல் லேசர் பட்டுப் பச்சை மினுங்கினால் வெற்றி. கட்டுரையின் கடைசியில் வரும் நன்றியுரையில் பெங்களூருவின் பெயர் தவறாமல் இருக்கும்.

பிசகும் இங்கேதான் தொடங்கியது. 2010இல் வியன்னாவின் மைக்கேல் ஃபிளெக், ஆர்மீனியாவின் ஆராம் பெட்ரோசியான் என்ற இருவர், அமினோ அமில உப்புகளைப் பற்றி வந்திருந்த கட்டுரைகளைத் துருவிப் பார்த்து ஒரு விமர்சனம் வெளியிட்டார்கள். புதிய படிகம் என்று அறிவிக்கப்பட்டவற்றில் பல புதியவையே அல்ல என்பது அதன் சாரம். கோவா பல்கலைக்கழக வேதியியலாளர் பி.ஆர்.ஸ்ரீனிவாசனும் இப்படிப்பட்ட கட்டுரைகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுத்து எழுதிவந்தார். அடிபட்டவற்றில் தமிழ்நாட்டிலிருந்து போன கட்டுரைகளும் இருந்தன.

எப்படி இந்தத் தவறு நடக்கும் என்பதற்குக் கிளைசினைவிட நல்ல உதாரணம் இல்லை. வெறும் தண்ணீரில் கரைத்தால் கிளைசின் ஆல்ஃபா வடிவில் படியும். அதற்கு மையச் சமச்சீர் உண்டு; பச்சை வராது. கரைசலில் சாப்பாட்டு உப்பையும் சேர்த்தால் காமா வடிவில் படியும். அதற்குச் சமச்சீர் இல்லை, பச்சை வரும். ஆனால் படிந்த கல்லுக்குள் உப்பு இல்லை! அது பக்கத்தில் நின்று வழிகாட்டியதோடு சரி, கரைசலிலேயே தங்கிவிட்டது. கலந்தது இரண்டு பொருள், பச்சையும் மின்னுகிறது, ஆகவே இது ‘கிளைசின் சோடியம் குளோரைடு’ என்ற புதிய படிகம் என்று ஒருவர் பெயர் சூட்டினால், கல்யாணத்துக்கு வந்த புரோகிதரை மாப்பிள்ளை என்று சொன்ன கதைதான். அகச்சிவப்பு நிறமாலை எடுத்தாலும் தப்பு தெரியாது. கிளைசினுக்குரிய கோடுகள் எல்லாம் அதில் இருக்கும். இல்லாததைத் தேடிப் பார்க்கிறவருக்குத்தான் இல்லை என்று தெரியும்.

இதைக் கண்டுபிடிக்க லிவர்மோருக்குப் போக வேண்டாம். பிளஸ் டூ வேதியியல் செய்முறைத் தேர்வில் உப்புப் பகுப்பாய்வு செய்த எல்லோருக்கும் தெரிந்த சோதனை போதும். மேலே ஒட்டிய கரைசல் போகும்படி படிகத்தைச் சுத்தமாகக் கழுவி, ஒரு துண்டைக் கரைத்து, நைட்ரிக் அமிலத்தோடு சில்வர் நைட்ரேட் விட்டால், குளோரைடு இருந்தால் தயிர்போல வெண்மையாகத் திரியும். திரியவில்லையா, பெயரை மாற்றிக்கொள்ள வேண்டியதுதான். பத்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் நாற்பது நாள் படிகத்தையும் நான்கு ஊர்ப் பயணத்தையும் வீணாக்கியவர்களை நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது.

மாணவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஆய்வேடு கொடுக்கும் முன் ஆய்விதழில் ஒரு கட்டுரையாவது வெளியாகியிருக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2009இல் விதித்தது. அடுத்த ஆண்டே ஆசிரியர்களின் பதவி உயர்வுக்கும் கட்டுரைகளுக்கு மதிப்பெண் போடும் முறை வந்தது. இரண்டு வேதிப்பொருள் புட்டிகளைத் திறந்தால் ஒரு கட்டுரை என்கிற நிலையில், பழைய படிகத்தைப் பொறுமையாக வளர்த்துப் பெரிதாக்குவதைவிடப் புதுப் பெயர் சூட்டுவதே லாபமாகிப் போனது. இயற்பியல் துறையும் வேதியியல் துறையும் ஒரே வளாகத்தில் இருந்துகொண்டு பேசிக்கொள்ளாததையும் இதோடு சேர்க்க வேண்டும். 2022இல் வந்த புதிய விதிகள் கட்டாயக் கட்டுரையை எடுத்துவிட்டன. நல்ல காரியம். புதுப்பெயர் சூட்டும் அவசரம் குறைந்தால், எஸ்.ஆர். குழலில் பெரிதாக, விரிசலில்லாமல், லேசரின் சூட்டைத் தாங்கும் பழைய படிகங்களை வளர்க்க நேரம் கிடைக்கும். உலகத்துக்கு வேண்டியதும் அதுதான்.

வாசகர்களில் பள்ளி ஆசிரியர்களோ, விடுமுறையில் பிள்ளைகளைச் சமாளிக்கும் பெற்றோரோ இருந்தால் ஒரு வேண்டுகோள். உரக்கடையில் அந்த 0:52:34 பொட்டலம் ஒன்று வாங்குங்கள். 100 மில்லி வெதுவெதுப்பான தண்ணீரில் கரையும்வரை கரைத்து வடிகட்டுங்கள். வாயை மூடி, ஊசியால் நாலு துளை குத்தி, யாரும் நடமாடாத அலமாரியில் வையுங்கள். அடியில் விழுவதில் நல்ல துண்டாக ஒன்றை எடுத்து நூலில் கட்டி, மேலே தெளிந்த கரைசலிலேயே தொங்கவிடுங்கள். கற்கண்டு வளர்ப்பதுபோலத்தான். உரம் அவ்வளவு சுத்தமில்லை, கொஞ்சம் கலங்கலாக வரலாம். ஆனால் நாலு பட்டையும் நுனியில் கூம்புமாக ஒரு கல் தானே உருவாவதைப் பிள்ளைகள் பார்ப்பார்கள். பிள்ளைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். தை, மாசியில் செய்யுங்கள். சித்திரை வெயிலில் நம் பக்கம் கரைசல் அவசரப்படும்.