எடைக்கு இரண்டு எல்லைக்கோடுகள்

உயரத்துக்கு ஏற்ற எடை இருக்கிறதா என்பதை ஒரே எண்ணில் சொல்வது பி.எம்.ஐ. என்னும் உடல் நிறைக் குறியெண். கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் இந்த எண் வரும். 18 வயது கடந்த ஆண், பெண் இருபாலருக்கும் ஒரே கணக்கு, ஒரே எல்லைகள். கர்ப்பிணிகளுக்கு இது பொருந்தாது. குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் வயதை வைத்துப் பார்க்கும் தனி அட்டவணைகள் உண்டு.

கணக்கு எளிது, பிசகுவது உயரத்தில்தான். எடையைக் கிலோவில் சொல்லும் திண்டுக்கல்காரர் உயரத்தை அடியில்தான் சொல்வார். ஐந்தடி ஐந்து அங்குலத்தை 5.5 என்று எழுதி, அதை அப்படியே 30.48ஆல் பெருக்கிச் சென்டிமீட்டர் ஆக்குவது பரவலான பிழை. 5.5 என்றால் ஐந்தரை அடி, அதாவது ஐந்தடி ஆறு அங்குலம். முதலில் எல்லாவற்றையும் அங்குலமாக்க வேண்டும்: ஐந்து பன்னிரண்டு அறுபது, அதோடு ஐந்து, ஆக 65. ஓர் அங்குலம் 2.54 செ.மீ. என்பதால் உயரம் 165.1 செ.மீ., அதாவது 1.651 மீட்டர். எடை 68 கிலோ என்று கொண்டால், செல்போன் கால்குலேட்டரில் 68ஐ 1.651ஆல் வகுத்து, வந்த விடையை மறுபடியும் 1.651ஆல் வகுத்தால் போதும். வர்க்கத்தைத் தனியாகப் போட வேண்டியதில்லை. விடை 24.9. பிழையான உயரத்தைப் போட்டிருந்தால் 24.2 வந்திருக்கும். ஓர் அங்குலத் தவறு முக்கால் புள்ளியை விழுங்கிவிடுகிறது.

அளக்கும் முறையிலும் கவனம் வேண்டும். செருப்பைக் கழற்றி, குதிகாலும் முதுகும் சுவரில் படும்படி நேராக நின்று, பார்வையை எதிரே வைத்து உயரம் எடுக்க வேண்டும். கொண்டையும் நிலக்கோட்டை மல்லிகைச் சரமும் உயரத்தில் சேரா. எடையைக் காலையில் காலைக்கடன் முடித்து, சாப்பிடும் முன் பார்ப்பது நல்லது. அடுத்த முறையும் அதே இயந்திரத்தில், அதே வேளையில் பார்த்தால்தான் ஒப்பிட முடியும்.

இந்தச் சூத்திரம் மருத்துவரிடமிருந்து பிறந்ததல்ல. பெல்ஜியத்தைச் சேர்ந்த வானியல், புள்ளியியல் அறிஞர் அடால்ஃப் கெத்தலே 1830களில் மனிதர்களை அளந்து பார்த்தபோது, பெரியவர்களின் எடை ஏறத்தாழ உயரத்தின் வர்க்கத்தையொட்டி மாறுவதைக் கண்டார். ‘சராசரி மனிதன்’ எப்படி இருப்பான் என்பதே அவருடைய தேடல். தொப்பை அவருக்குப் பொருட்டே அல்ல. அமெரிக்க உடலியங்கியல் அறிஞர் ஆன்செல் கீஸ் 1972இல் அதே கணக்கை எடுத்து, இன்றைய பெயரைச் சூட்டினார். அவர் ஆராய்ந்தவர்கள் ஐந்து நாடுகளைச் சேர்ந்த ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்கள். அதில் பெண்கள் இல்லை, இந்தியர்களும் இல்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் பொது அளவுகோல் பலருக்கும் தெரிந்ததுதான்: 18.5க்குக் கீழே எடைக்குறைவு, 18.5 முதல் 24.9 வரை இயல்பு, 25இலிருந்து மிகை எடை, 30இலிருந்து உடல்பருமன். ஆசிய மக்களுக்கு ஆபத்து இதைவிடக் குறைந்த எண்ணிலேயே தொடங்குகிறது என்பதால், அந்நிறுவனத்தின் வல்லுநர் குழு 2004இல் 23ஐயும் 27.5ஐயும் கவனிக்க வேண்டிய கூடுதல் புள்ளிகளாகக் குறித்தது. இந்திய மருத்துவர்கள் 2009இல் கூடி வெளியிட்ட வழிகாட்டுதல் இன்னும் கண்டிப்பானது: 23 தொட்டால் மிகை எடை, 25 தொட்டால் உடல்பருமன். மேலே கணக்கிட்ட 24.9 பொது அளவுகோலில் இயல்பு. இந்திய அளவுகோலில் உடல்பருமனின் வாசலில் நிற்கும் எண். அதே ஐந்தடி ஐந்து அங்குலக்காரர் 23க்குள் இருக்க எடை 62.7 கிலோவுக்குக் கீழே இருக்க வேண்டும். ஐந்தடிப் பெண்ணுக்கு அந்த எல்லை 53.4 கிலோ.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்ன? புணேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யுட்கினும் 2004இல் லான்செட் இதழில் தங்கள் இருவரின் படத்தையே போட்டு விளக்கினார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. ஆனால் உடலில் இருந்த கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். எடைக்கருவிக்கு இது தெரியாது. கொழுப்பும் தசையும் எலும்பும் அதற்கு ஒரே கிலோதான். கையும் காலும் மெலிந்து வயிறு மட்டும் முன்தள்ளிய உடல்வாகு நம் பக்கத்தில் சகஜம். குடலைச் சுற்றியும் கல்லீரலிலும் சேரும் கொழுப்பே சர்க்கரை நோயையும் இதய நோயையும் அதிகம் இழுத்துவருகிறது. இதன் மறுபக்கமும் உண்டு. ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் மூட்டை சுமப்பவருக்குத் தசையின் கனத்தால் பி.எம்.ஐ. 25ஐத் தாண்டலாம், அவரைப் பருமனானவர் என்று எழுதுவது அபத்தம். நாள் முழுக்கக் கல்லாவில் உட்கார்ந்திருப்பவரின் 22ஐ நம்பிவிடுவதும் அதே அளவு பிழை.

ஆகவே இடுப்புச் சுற்றையும் அளக்க வேண்டும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்முனைக்கும் நடுவே, மூச்சை இயல்பாக வெளியே விட்ட நிலையில், டேப்பை இறுக்காமல் சுற்ற வேண்டும். பேன்ட் அளவைச் சொல்வது உதவாது. தொப்பை வளர வளர பெல்ட் அதற்குக் கீழே இறங்கிக்கொள்ளும், பேன்ட் அளவு மாறாமலே இருக்கும். இந்திய ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எல்லை. உயரத்தில் பாதிக்குமேல் இடுப்பு இருக்கலாகாது என்பது இன்னொரு எளிய விதி. நாடு முழுவதும் நடந்து 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர்.-இந்தியாப் ஆய்வில், பி.எம்.ஐ.யைக் கொண்டு பார்த்தபோது 28.6 சதவீதம் பேர் பருமனானவர்கள். வயிற்றைக் கொண்டு பார்த்தபோது 39.5 சதவீதம். சென்னை நீரிழிவு ஆய்வு அறக்கட்டளை நடத்திய இந்த ஆய்வு, எடைக்கருவி தவறவிட்டவர்கள் எத்தனை பேர் என்பதைக் காட்டுகிறது.

தமிழகத்தின் நிலை தேசிய சராசரியைவிட மோசம். 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில் பி.எம்.ஐ. 25 அல்லது அதற்குமேல் இருந்தவர்கள் தமிழகப் பெண்களில் 40.4 சதவீதம், ஆண்களில் 37 சதவீதம். முந்தைய 2015-16 கணக்கெடுப்பில் இவை 30.9, 28.2 ஆக இருந்தன. இந்திய அளவில் பெண்கள் 24 சதவீதம்தான். சீரக சம்பா பிரியாணியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது திண்டுக்கல்லில் எளிதாக எடுபடும் நகைச்சுவை. ஆனால் பிரியாணி தினமும் இலைக்கு வருவதில்லை. மூன்று வேளையும் தட்டை நிறைக்கும் அரிசியும், குறைந்துபோன நடையும்தான் அன்றாடச் சங்கதி.

அதே கணக்கெடுப்பில், தமிழகப் பெண்களில் எட்டில் ஒருவர் 18.5க்குக் கீழே. இந்தப் பக்கத்தைப் பத்திரிகைகள் அதிகம் பேசுவதில்லை, உயிர் உடனே போவது இந்தப் பக்கத்தில்தான் என்றாலும். உடல் மிக மெலிந்தால் காசநோய் தொற்றவும், தொற்றிய நோய் கொல்லவும் வாய்ப்பு கூடுகிறது. தமிழக அரசு 2022 ஏப்ரலில், சென்னை நீங்கலாகப் பிற மாவட்டங்களில் காசநோய் இறப்பில்லாத் திட்டத்தைத் தொடங்கியது. நோய் உறுதியானவுடன் நோயாளியின் எடை, உயரம், கால் வீக்கம், மூச்சு வேகம், ரத்த ஆக்சிஜன், பிடிமானமின்றி நிற்கும் திறன் ஆகியவற்றைப் பார்க்கிறார்கள். பி.எம்.ஐ. 14 அல்லது அதற்குக் கீழே இருந்தாலோ, கால் வீக்கத்தோடு 16 அல்லது அதற்குக் கீழே இருந்தாலோ, அந்நோயாளி ஆபத்தான நிலையில் இருப்பவர் என்று பிரித்து ஆஸ்பத்திரியில் சேர்க்கப் பரிந்துரைக்கிறார்கள். வீக்கத்துக்குத் தனி எண் இருப்பதற்குக் காரணம், உடலில் கோத்த நீரும் எடையாகக் காட்டி மெலிவை மறைத்துவிடுவது. ஐந்தடிப் பெண்ணுக்கு 14 என்றால் 32.5 கிலோ. இங்கே பி.எம்.ஐ. எதிர்கால ஆபத்தைப் பற்றிய ஊகம் அல்ல. யாருக்கு இன்றே படுக்கை வேண்டும் என்று முடிவுசெய்யும் எண்.

மேல் எல்லையைத் தாண்டியவர்களுக்கு எண் அப்படி அவசரப்படுத்துவதில்லை. 23ஐத் தாண்டினால் சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றைப் பரிசோதிக்க வேண்டும் என்பதே முதல் பொருள். தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டப் பணியாளர்கள் 2021 முதல் வீட்டுக்கே வந்து முதல் இரண்டையும் பார்க்கிறார்கள். எண் இறங்கினால்தான் பலன் என்பதும் இல்லை. சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழு நடத்தி 2006இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேர் பங்கேற்றனர். அவர்களின் சராசரி பி.எம்.ஐ. 26ஐ நெருங்கி இருந்தது. மூன்றாண்டுகளில், வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. உணவைத் திருத்தி, நடையைக் கூட்டியவர்களில் அது 39.3 சதவீதம். அவர்களின் எடை குறிப்பிடும்படி குறையவே இல்லை.