எலும்பைப் பொருத்துமுன்பே ஊசி ஏன்?

கடுகண்ணாவ வளைவில் மோட்டார் சைக்கிள் சரிந்து, ஒருவரின் காலெலும்பு தோலைக் கிழித்து வெளியே தெரிகிறது என்று வையுங்கள். கண்டிக்கோ பேராதனைக்கோ கொண்டுபோனால், எலும்பைப் பொருத்துமுன்பே அன்டிபயோட்டிக் ஊசி போடப் பார்ப்பார்கள். ஏன் இந்த அவசரம்?

கண்டி பஸ்ஸில் ஜன்னல் வழியே கைக்குட்டை போட்டு இடம்பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். மண்ணோடு புகுந்த கிருமிகளும் இரத்த ஓட்டம் அறுந்த எலும்பில் அப்படித்தான் முந்துகின்றன. உட்கார்ந்ததும் பிசுபிசுப்பான படலத்தைப் போர்த்திக்கொள்ளும். அதன்பிறகு மருந்து அவற்றை எளிதில் அழிக்காது. எனவேதான் 1 மணி நேரத்துக்குள் ஊசி.

1974இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், இப்படித் தோல் கிழிந்த முறிவுகளில் அன்டிபயோட்டிக் இல்லாதபோது தொற்று 13.9 சதவீதம், செபலோதின் என்ற அன்டிபயோட்டிக் கொடுத்தபோது 2.3 சதவீதம்.

ஊசி மட்டும் போதுமா? போதாது. இரத்தம் போகாத இடத்துக்கு மருந்தும் போகாது. செத்த சதையை வெட்டிக் கழுவியே ஆகவேண்டும்.

நீங்கள் காயத்தில் கோப்பித்தூள், மஞ்சள் எதையும் அப்பாதீர்கள். சுத்தமான துணியால் மூடி, உடனே கொண்டுபோங்கள்.